வேகமான டிடிஆர்5 ராமை ஏஎம்டியிலும் இன்டெல்லிலும் சோதிக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

டிடிஆர்5-6000, 6400, 7200 என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் ராம் ஸ்டிக்கை மட்டுமே பற்றியது. அந்த வேகத்தில் கணினி பிழையின்றி ஓடுமா என்பது ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், மதர்போர்டின் செப்புத் தடங்கள், கணினியைத் தொடக்கத்தில் எழுப்பும் நிரலான பயாஸ் ஆகிய மூன்றையும் பொறுத்தது. சோதனையில் ஒரு பிழை தென்பட்டவுடன் ஸ்டிக்கைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, மாற்றி வந்த புதிய ஸ்டிக்கிலும் அதே பிழையைக் கண்டு திகைத்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பிழை ஏற்பட்டால் அது ஸ்டிக்கையும் சேர்த்து இந்த நான்கில் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகவே கீழ்க்காணும் வரிசை அமைக்கப்பட்டுள்ளது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பவை ஏஎம்டியின் ஏஎம்5 (ரைசன் 7000, 9000), இன்டெல்லின் எல்ஜிஏ1700 (12, 13, 14ஆம் தலைமுறை), எல்ஜிஏ1851 (கோர் அல்ட்ரா 200எஸ்) ஆகியவை.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். ராமுக்குப் பொருத்தமான மின் அளவுகளையும் நேர இடைவெளிகளையும் கணினி தானே தேடிக் கண்டுபிடிக்கும் பணிக்கு மெமரி ட்ரெய்னிங் என்று பெயர். அதற்கான நிரல் பயாஸுக்குள்தான் இருக்கிறது. ஏஎம்டியில் அது ஏஜிஸா என்ற தொகுப்பின் பகுதி. ரைசன் 7000 வெளிவந்த காலத்துப் பயாஸில் ஏற மறுத்த பல ஸ்டிக்குகள், 2023இல் வந்த ஏஜிஸா திருத்தங்களுக்குப் பிறகு எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடின. பயாஸைப் புதுப்பித்தால் சேமித்து வைத்த அமைப்புகள் அழிந்துவிடும் என்பதால் இதைச் சோதனையின் நடுவில் செய்யக் கூடாது. மின்தடைக்கு வாய்ப்புள்ள வீடுகளில் யுபிஎஸ் இல்லாமல் பயாஸில் கை வைக்கவே வேண்டாம்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படி இன்னும் முக்கியமானது. அவற்றின் உயர்நிலை ப்ராசஸர்களில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் சில்லு படிப்படியாகத் தேய்ந்த சிக்கலுக்கு, இன்டெல் 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடுகளை (ப்ராசஸரின் உள் செயல்பாட்டைத் திருத்தும் சிறு நிரல்கள்) வெளியிட்டது. ஏற்கெனவே தேய்ந்துபோன ப்ராசஸர் தரும் பிழைகள் ராம் பிழைகளைப் போலவே தோன்றும். புதிய மைக்ரோகோடு அந்தத் தேய்வைச் சரிசெய்யாது.

இவற்றுடன், ராமைச் சோதிக்கும் நிரலான மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86+ எழுதிய பென்டிரைவ் ஒன்று, முக்கியமான கோப்புகளின் நகல், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை தேவை. நகல் எடுக்கச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. நிலையற்ற ராமுடன் விண்டோஸ் ஓடும்போது, பிழையான தரவு எஸ்எஸ்டியில் எழுதப்பட்டு நிரந்தரமாகிவிடும்.

ஸ்டிக்குகள் ஒரே பெட்டியில் வந்த ஜோடியாக இருக்க வேண்டும். ஒரே மாடல் எண் கொண்ட இரண்டு பெட்டிகளை வாங்கிக் கலந்தால், உள்ளே இருக்கும் சில்லுகள் வெவ்வேறு நிறுவனத்தவையாக இருக்க வாய்ப்புண்டு.

2. எந்த வேகத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுதல்

ப்ராசஸர் தயாரிப்பாளர் உறுதியளிக்கும் வேகம் வேறு, ராம் தயாரிப்பாளர் சொல்லும் வேகம் வேறு. ஒரு சேனலுக்கு (ராமையும் ப்ராசஸரையும் இணைக்கும் தரவுப் பாதை) ஒரு ஸ்டிக் என்ற நிலையில் ரைசன் 7000க்கு 5200, ரைசன் 9000க்கு 5600, இன்டெல் 12ஆம் தலைமுறைக்கு 4800, 13, 14ஆம் தலைமுறைகளின் உயர்நிலை ப்ராசஸர்களுக்கு 5600 என்பவையே அதிகாரபூர்வ எல்லைகள். கோர் அல்ட்ரா 200எஸ், சாதாரண ஸ்டிக்கில் 5600 வரையும், கடிகாரச் சில்லு பொருத்திய சியுடிம் வகையில் 6400 வரையும் உறுதியளிக்கிறது. இந்த எல்லைக்கு மேல் ஓடுவதெல்லாம் ஓவர்கிளாக் ஆகும். ஸ்டிக்கில் முன்கூட்டியே எழுதிவைத்த வேக அமைப்புகளான (ப்ரொஃபைல்) எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ஆகியவையும் அதில் அடங்கும். ஆகவே 7200 என்று எழுதிய ஸ்டிக் உங்கள் கணினியில் 7200இல் ஓடவில்லை என்பதை மட்டும் வைத்து ஸ்டிக் பழுது என்று முடிவுகட்ட முடியாது.

6000 என்பது வினாடிக்கு 600 கோடிப் பரிமாற்றங்களைக் குறிக்கும். உண்மையான கடிகார வேகம் அதில் பாதி, அதாவது 3000 மெகாஹெர்ட்ஸ். சிபியு-இசட் நிரலில் 3000 என்று பார்த்துவிட்டு ராம் பாதி வேகத்தில் ஓடுவதாகப் பதறுவது, புதியவர்களிடம் காணும் முதல் தடுமாற்றம்.

தரவு கேட்டபின் எத்தனை கடிகாரத் துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் சிஎல் எண்ணையும் தனியாக வைத்துப் பார்க்கக் கூடாது. சிஎல்லை 2000ஆல் பெருக்கி ராமின் வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோவினாடியில் கிடைக்கும். 6000 சிஎல்30க்கும் 8000 சிஎல்40க்கும் விடை ஒன்றே: 10 நானோவினாடி.

3. ஸ்லாட்டில் பொருத்துதல்

நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு ஸ்டிக்குகளை ஏ2, பி2 ஆகியவற்றில், அதாவது ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்த வேண்டும். இத்தகைய போர்டுகள் பெரும்பாலானவற்றில் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் முடிகிறது. ஸ்டிக்கை முதல் ஸ்லாட்டில் வைத்தால், இரண்டாவது ஸ்லாட் வரை நீளும் வெற்றுத் தடத்தின் முனையில் சிக்னல் மோதித் திரும்பி வந்து இடையூறு செய்யும். 5200இல் இது தெரியாமல் போகலாம். 6400க்கு மேல் தெரிந்துவிடும்.

நான்கு ஸ்டிக் போட்டு வேகமும் வேண்டும் என்ற ஆசையை இந்தத் தலைமுறையில் விட்டுவிடுவதே நல்லது. ரைசன் 7000, 9000 இரண்டிலும் நான்கு ஸ்டிக்குக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 3600 மட்டுமே. 64 ஜிபி வேண்டுமானால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூலரின் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக முடுக்கினால், சாக்கெட்டின் ஊசிகளில் சில ப்ராசஸருடன் சரியாகத் தொடாமல் போகலாம். ஒரு சேனலே காணாமல் போவது, 32 ஜிபி போட்டும் 16 ஜிபி காட்டுவது ஆகியவற்றுக்கு இது ஒரு காரணம். திருகுகளைக் குறுக்கு வாட்டில் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

4. ப்ரொஃபைல் இல்லாமல் அடிப்படைச் சோதனை

பெரும்பாலானோர் தாண்டிச் செல்லும் படி இது. எக்ஸ்எம்பியையோ எக்ஸ்போவையோ இயக்காமல், போர்டு தானாக எடுக்கும் 4800 அல்லது 5600 வேகத்திலும் 1.1 வோல்ட்டிலும் முதல் சோதனையை நடத்த வேண்டும். இந்த வேகத்தில் பிழை வந்தால் அது ஓவர்கிளாக் சம்பந்தப்பட்டது அல்ல என்பது உறுதியாகிவிடும்.

ஒவ்வொரு ஸ்டிக்கிலும் சிறு டேப் ஒட்டி 1, 2 என்று எண் எழுதுங்கள். ஒன்றை மட்டும் ஏ2வில் வைத்து, பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86ஐ முழுமையாக ஓட்டுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகள் வரை அனுமதிக்கும், அதுவே போதும். பிறகு அதே ஸ்லாட்டில் இரண்டாவது ஸ்டிக். அதன் பிறகே இரண்டும் சேர்ந்து. ஸ்டிக் பெரிதானால் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்ப்பது வசதி.

டிடிஆர்5 சில்லுகளுக்குள்ளேயே ஒரு பிட் பிழையைத் திருத்தும் வசதி இருக்கிறது. அதை நம்பிச் சோதனையைச் சுருக்கிவிட வேண்டாம். அது சில்லுக்குள் நிகழும் பிழையை மட்டும் யாருக்கும் அறிவிக்காமல் திருத்துகிறது. சில்லிலிருந்து ப்ராசஸர் வரையிலான பாதையில் கெடும் தரவு அதன் கண்ணில் படாது. அதிவேகத்தில் வரும் பிழைகளில் பெரும்பகுதி அந்தப் பாதையில்தான் நிகழ்கிறது.

5. ப்ரொஃபைலை இயக்கிப் பொறுமையாகக் காத்திருத்தல்

எக்ஸ்எம்பி இன்டெல்லுக்காகவும் எக்ஸ்போ ஏஎம்டிக்காகவும் ஸ்டிக்கில் எழுதப்பட்ட அமைப்புகள். எக்ஸ்எம்பி மட்டும் உள்ள ஸ்டிக் ஏஎம்5 போர்டிலும் பெரும்பாலும் ஓடும்; ஆனால் அதன் துணை நேர அளவுகள் பலவற்றைப் போர்டு தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும். எனவே ஒரே ஸ்டிக்கை இரண்டு கணினிகளில் சோதிக்கும்போது, இரண்டிலும் ஒரே அமைப்பு ஓடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஏஎம்டியில், ராமின் நேர அளவுகளைக் காட்டும் ஜென்டைமிங்ஸ் நிரலின் திரையைப் படமெடுத்து வையுங்கள்; இன்டெல்லில் போர்டு நிறுவனம் தரும் டைமிங் நிரலைப் பயன்படுத்தலாம்.

ப்ரொஃபைலை இயக்கிச் சேமித்தவுடன் கணினி மறுபடி எழும்போது திரை கறுப்பாகவே இருக்கும். மதர்போர்டில் டிராம் என்ற விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஏஎம்5இல் இது சில நிமிடங்கள் வரை நீடிக்கலாம். கணினி செத்துவிட்டது என்று எண்ணி இந்த நேரத்தில் பவரை அணைப்பவர்கள் ஏராளம். அணைத்தால் ட்ரெய்னிங் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் கழித்தும் திரை வரவில்லையென்றால் மட்டும் சிமோஸை (சேமித்த பயாஸ் அமைப்புகளை) அழித்துவிட்டு, ஒரு படி குறைந்த வேகத்தில் முயலுங்கள்.

6. ஏஎம்5இல் தனியாகச் சரிபார்க்க வேண்டியவை

ஏஎம்5இல் மூன்று கடிகாரங்கள் உள்ளன: ராமின் எம்கிளாக், மெமரி கன்ட்ரோலரின் யுகிளாக், ப்ராசஸரின் உட்பகுதிகளை இணைக்கும் எஃப்கிளாக். 6000இல் எம்கிளாக்கும் யுகிளாக்கும் 3000 என்று சமமாக ஓடும். அதற்கு மேல் போகும்போது பல போர்டுகள் ஆட்டோ நிலையில் யுகிளாக்கைப் பாதியாக்கிவிடும். ஜென்டைமிங்ஸில் எம்கிளாக் 3200, யுகிளாக் 1600 என்று கண்டால், 6400க்காகக் கொடுத்த பணத்துக்கு 6000ஐவிட அதிகத் தாமதத்தை வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

அப்போது பயாஸில் யுகிளாக்கை எம்கிளாக்குக்குச் சமமாக வைத்துச் சோதிக்க வேண்டும். எல்லா ரைசன்களும் 6400ஐச் சமநிலையில் தாங்காது. தாங்கவில்லையென்றால் 6200, பிறகு 6000. பாதி நிலையில் ஓட்டிப் பயன் பெற வேண்டுமானால் 8000ஐ ஒட்டிய வேகம் வேண்டும். 6400க்கும் 7600க்கும் இடையிலான வேகங்கள் ஏஎம்5இல் வீண்செலவு என்பது என் கருத்து.

மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குச் செல்லும் எஸ்ஓசி வோல்டேஜை எண்ணாகப் பாருங்கள். 2023இல் ரைசன் 7000எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில கருகிய பிறகு ஏஎம்டி அதற்கு 1.30 வோல்ட் உச்சவரம்பு வைத்தது. எக்ஸ்போவை இயக்கியதும் அந்த வரம்பை ஒட்டியே வைக்கும் போர்டுகள் உண்டு. பல ப்ராசஸர்கள் 6000இல் 1.20 வோல்ட்டுக்குள் நிலையாக ஓடும் என்பதால், சோதனை முழுவதும் முடிந்தபின் அதைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கலாம். எஃப்கிளாக்கைச் சோதனைக் காலத்தில் 2000இலேயே விட்டுவிடுங்கள். அதையும் சேர்த்து ஏற்றினால், வரும் பிழை ராமுடையதா எஃப்கிளாக்குடையதா என்று தெரியாது.

மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் என்ற அமைப்பு, பழைய ட்ரெய்னிங் முடிவைச் சேமித்துவைத்து அடுத்த முறை வேகமாக எழ உதவுகிறது. சோதனையின்போது இதை அணைத்து வையுங்கள். எல்லாம் முடிந்தபின், பவர் டவுன் எனேபிள் என்பதையும் சேர்த்து இயக்கி, மீண்டும் ஒரு முறை சோதியுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் இயங்கினால் நிலையிழக்கும் போர்டுகள் இருக்கின்றன.

7. இன்டெல்லில் தனியாகச் சரிபார்க்க வேண்டியவை

இன்டெல்லில் டிடிஆர்5 இயல்பாக கியர் 2இல் ஓடும். கன்ட்ரோலர் ராமின் கடிகாரத்தில் பாதி வேகத்தில் இயங்கும். அதனால்தான் 7200ஐத் தாங்கும் கன்ட்ரோலர்கள் இன்டெல் பக்கம் அதிகம். மிக உயர்ந்த வேகங்களில் போர்டு தானாகவே கியர் 4க்கு இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கியிருந்தால் தாமதம் கூடிவிடும்.

சிப்செட்டும் இங்கே முக்கியம். எச்610இல் ராமை ஓவர்கிளாக் செய்ய முடியாது. 6400 ஸ்டிக் போட்டாலும் ப்ராசஸரின் அதிகாரபூர்வ எல்லையைத் தாண்டாது. பி760இல் முடியும். ஆனால் பெயரின் கடைசியில் கே இல்லாத பல ப்ராசஸர்களில் கன்ட்ரோலருக்கான எஸ்ஏ வோல்டேஜ் பூட்டப்பட்டிருப்பதால், 6000 அல்லது 6400இலேயே நின்றுவிடக்கூடும்.

வோல்டேஜ்கள் மூன்று: எஸ்ஏ, கன்ட்ரோலருக்கான விடிடி2, அனுப்பும் சிக்னலுக்கான விடிடிக்யு டிஎக்ஸ். போர்டுக்குப் போர்டு இவற்றின் பெயர்கள் மாறும். இவற்றை ஏற்றினால் எப்போதும் நிலைத்தன்மை கூடும் என்று எண்ண வேண்டாம். எஸ்ஏவை அதிகமாக்கியதாலேயே பிழைகள் பெருகும் ப்ராசஸர்களும் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், மிகச் சிறிய அளவில் மாற்றி, மறுபடி சோதிக்க வேண்டும்.

கோர் அல்ட்ரா 200எஸ் வைத்திருப்பவர்கள் சியுடிம் வகையைக் கவனிக்கலாம். அதில் ஸ்டிக்கின் மேலேயே ஒரு கடிகாரச் சில்லு இருந்து, கடிகாரச் சிக்னலைப் புதுப்பித்து அனுப்புகிறது. அதே ஸ்டிக்கை ஏஎம்5இல் போட்டால், பயாஸ் அனுமதித்தால், அந்தச் சில்லைத் தவிர்த்துவிட்டுச் சாதாரண ஸ்டிக்காக மட்டுமே ஓடும். ஆகவே 8000க்கு மேற்பட்ட ஒரு சியுடிம் இன்டெல்லில் தேறி ஏஎம்டியில் தோற்றால் அது எதிர்பார்க்க வேண்டியதே. இசட்890 போர்டுகளில் 200எஸ் பூஸ்ட் என்ற அமைப்பை இன்டெல் 2025 ஏப்ரலில் அறிவித்தது. கே வகை ப்ராசஸர்களில் 8000 வரை உத்தரவாதம் இழக்காமல் முயல அது வழிசெய்கிறது.

8. ப்ரொஃபைல் வேகத்தில் சோதனைகளின் வரிசை

முதலில் பென்டிரைவ், பிறகே விண்டோஸ். புதிய வேகத்தில் மெம்டெஸ்ட்86 ஒரு சுற்றாவது தேறாத கணினியில் விண்டோஸைத் திறப்பது, கோப்புகளைப் பணயம் வைப்பதாகும்.

ஆனால் மெம்டெஸ்ட்86 தேறிவிட்டது என்பதோடு நிறுத்திவிடுவதே மிகப் பரவலான தவறு. அது பழுதான சில்லைக் கண்டுபிடிப்பதில் சிறந்தது. எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் ராமை நெருக்கும்போது கன்ட்ரோலர் தடுமாறுகிறதா என்பதை அது போதிய அளவு சோதிப்பதில்லை. எனவே விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்ற ராம் சோதனை நிரலை நிர்வாகி அனுமதியுடன் ஓட்டுங்கள். பிழை இருந்தால் இது விரைவாகக் காட்டிவிடும். அடுத்து ஒய்-க்ரஞ்சர் என்ற கணக்கீட்டு நிரலின் விடி3 சோதனை. கன்ட்ரோலரும் அதன் வோல்டேஜும் போதுமா என்பதை இதுபோல் அம்பலப்படுத்துவது வேறு எதுவும் இல்லை. இந்த இரண்டும் தேறிய பின்பே கார்ஹு போன்ற நீண்ட சோதனையை இரவு முழுவதும் ஓட்டுவதில் பொருள் இருக்கிறது. நீண்டதை முதலில் வைத்தால், ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கக்கூடிய பிழைக்காக ஓர் இரவு வீணாகும்.

ஒரு பிழைகூட ஏற்கத்தக்கதல்ல. ஆறு மணி நேரத்தில் ஒன்றுதானே வந்தது என்று விட்டுவிடுபவர்கள், பிறகு திடீரென நின்றுபோகும் விளையாட்டுக்கும் திறக்க மறுக்கும் ஜிப் கோப்புக்கும் வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, கணினியை அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, முழுவதும் ஆறவிட்டு மறுபடி இயக்கிச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு ட்ரெய்னிங்கிலும் முடிவு சிறிது மாறுபடும் என்பதால், நேற்று தேறியது இன்று தோற்கக்கூடும். இதை இரண்டு மூன்று முறையாவது செய்யுங்கள்.

9. வெப்பம்

டிடிஆர்5 ஸ்டிக்கில் மின்சாரத்தைச் சீராக்கும் சில்லும் ஏறியிருப்பதால் அது முந்தைய தலைமுறைகளைவிட எளிதில் சூடாகும். ஸ்டிக்கின் வெப்பநிலையை எச்டபிள்யுஇன்ஃபோ நிரலில் பார்க்கலாம். அதைப் பார்க்கும்போது ஸ்டிக்கின் வண்ண விளக்குகளுக்கான மென்பொருளை மூடிவிடுங்கள். இரண்டும் ஒரே வழியில் ஸ்டிக்கோடு பேசுவதால் மோதிக்கொள்ளும்.

85 டிகிரி வரை இயல்பான எல்லை என்று விதிமுறை சொன்னாலும், நேர அளவுகளை இறுக்கி ஓடும் ஸ்டிக்குகள் 55 அல்லது 60 டிகிரியிலேயே பிழைவிடத் தொடங்கலாம். ஏசி அறையில் இரவு தேறிய ராம், அக்னி நட்சத்திர மதியத்தில், கிராஃபிக்ஸ் கார்டும் கீழிருந்து சூடான காற்றைத் தள்ளும்போது தேறுமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ராம் சோதனையையும் ஒரு கிராஃபிக்ஸ் சோதனையையும் கேபினெட்டை மூடிவைத்து ஒன்றாக ஓட்டுவது அதற்கு நல்ல வழி. பிழை நாற்பதாவது நிமிடத்தில்தான் தொடங்குகிறது என்றால், வோல்டேஜைத் தொடும் முன் ஸ்டிக்குகளின் மேல் ஒரு ஃபேனை வைத்துப் பாருங்கள்.

10. பிழை யாருடையது என்று பிரித்தல்

ஒரே ஸ்டிக், தனியாக, ப்ரொஃபைல் இல்லாமல், இரண்டு கணினிகளிலும் பிழை தந்தால் ஸ்டிக் பழுது. உத்தரவாதத்துக்கு அனுப்பலாம், ஜோடியாக வந்ததை ஜோடியாகவே அனுப்ப வேண்டும்.

ஸ்டிக்கை மாற்றினாலும் பிழை அதே ஸ்லாட்டில் அல்லது அதே சேனலில் தங்கிவிட்டால் போர்டையோ சாக்கெட்டையோ கூலரின் அழுத்தத்தையோ சந்தேகிக்க வேண்டும். கூலரைத் தளர்த்தி மறுபடி பொருத்துவது செலவில்லாத முதல் முயற்சி.

ப்ரொஃபைல் இல்லாமல் எங்கும் தேறி, 7200இல் இன்டெல்லில் தேறி, ஏஎம்டியில் மட்டும் தோற்றால் ஸ்டிக்கைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கன்ட்ரோலரின் எல்லை அது. 6000க்கு இறக்கி, சிஎல்லையும் அதற்கேற்பக் குறைத்து ஓட்டுவதே சரியான தீர்வு.

ஒவ்வொரு ஸ்டிக்கும் தனியாக ப்ரொஃபைல் வேகத்தில் தேறி, இரண்டும் சேரும்போது மட்டும் தோற்றால் கன்ட்ரோலரின் வோல்டேஜிலிருந்து தொடங்குங்கள். ஏஎம்டியில் எஸ்ஓசி, இன்டெல்லில் விடிடி2. அதுவும் பலிக்காவிட்டால் வேகத்தை 200 குறைத்துப் பாருங்கள்.

மெம்டெஸ்ட்86 எப்போதும் தேறுகிறது, ப்ரொஃபைலை அணைத்தாலும் விண்டோஸில் கோப்பு விரிப்பதும் விளையாட்டுகளின் ஷேடர் தொகுப்பும் தோற்கின்றன, ப்ராசஸர் இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறையின் உயர்நிலை வகை என்றால், ராமை விட்டுவிட்டு முதலாம் படியில் சொன்ன தேய்வுச் சிக்கலைப் பாருங்கள். அந்த வகைகளுக்கு இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்திருக்கிறது.

11. வேகத்தை அளந்து ஒப்பிடுதல்

நிலைத்தன்மை உறுதியாகும் முன் எடுத்த வேக அளவுகளுக்கு மதிப்பில்லை என்பதால் இது கடைசியில் வருகிறது.

இரண்டு சேனலில் 6000 ராமின் கோட்பாட்டு வேகம் வினாடிக்கு 96 ஜிபி. வேகம் அளக்கும் ஐடா64 நிரலில் இன்டெல் அதற்கு அருகே செல்லும்போது, ரைசன் 7600, 7700, 7800எக்ஸ்3டி போன்றவை 60ஐ ஒட்டி நின்றுவிடும். அவற்றில் கோர்கள் எல்லாம் ஒரே சில்லில் உள்ளன. அந்தச் சில்லு எஃப்கிளாக்கின் ஒவ்வொரு துடிப்புக்கும் 32 பைட் மட்டுமே படிக்க முடியும். 2000 மெகாஹெர்ட்ஸில் அது 64 ஜிபி. எவ்வளவு விலையுயர்ந்த ஸ்டிக்கைப் போட்டாலும் எஃப்கிளாக் மாறாத வரை அந்த எண் உயராது. ஆகவே ஏஎம்டியின் எண்ணை இன்டெல்லின் எண்ணோடு வைத்து ராமை மதிப்பிடுவது தவறான ஒப்பீடு. ஒரே கணினியில், ஒரு ஸ்டிக்குக்கும் இன்னொன்றுக்கும் இடையே, ஒரே பயாஸ் பதிப்பில் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

ஒவ்வோர் அளவையும் ஐந்து முறையாவது எடுத்து, நடுவில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அமைப்பில் எண்கள் பெரிதும் ஏறி இறங்கினால், சோதனைகள் தேறியிருந்தாலும் எஃப்கிளாக்கோ வெப்பமோ ஒளிந்து விளையாடுகிறது. எட்டாம் படிக்குத் திரும்ப வேண்டும்.